17 புள்ளி, ஏழு ஸ்பேட்

ஜூன் 3

உட்காரக் கூடாதாம். படுக்கலாம், நிற்கலாம், மெல்ல நடக்கலாம். பிரிட்ஜ் சீட்டாட்டத்தை நின்றுகொண்டு ஆடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஜூன் 4

எனக்குப் பதில் ஆட ஆள் கிடைத்துவிட்டார். ஒரே நாளில்.

ஜூன் 6

இரவு பதினொரு மணிக்குப் பார்ட்னரிடமிருந்து செய்தி. ஜெயித்தார்களா தோற்றார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. கை மட்டும்.

ஸ்பேட்: ஏ கே க்யூ 10 8 6 3
ஹார்ட்: 4
டைமண்ட்: ஏ ஜே 5
கிளப்: கே 2

"வலது பக்கம் 1 ஹார்ட். நாம வல்னரபிள், அவங்க இல்ல. என்ன சொல்வீங்க?"

வல்னரபிள் என்றால் தோற்றால் அபராதமும் ஜெயித்தால் போனஸும் அதிகம். 4 ஸ்பேட், அதாவது ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பத்து டிரிக் (பிடி) எடுப்போம் என்று உடனே அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் டபுள் சொன்னார்" என்று எனக்குப் பதில் ஆடியவரைப் பற்றி ஒரு வரி. அதற்கப்புறம் தூங்கப் போய்விட்டார் போல. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜூன் 7

முழு ஏலமும் காலையில் வந்து சேர்ந்தது. 1 ஹார்ட், நம்ம ஆள் டபுள் (எனக்குப் பலம் இருக்கிறது, நீ ஏதாவது சொல் என்று பார்ட்னருக்குச் சேதி), இடது பக்கம் ஒரே தாவலில் 4 ஹார்ட். பார்ட்னர் பாஸ், ஆரம்பித்தவரும் பாஸ். நம்ம ஆள் 4 ஸ்பேட். இடது பக்கத்துக்காரர் விடுவதாக இல்லை, 5 ஹார்ட். பார்ட்னர் யோசியோ யோசி என்று யோசித்துவிட்டு பாஸ். கடைசியில் நம்ம ஆள் டபுள், இது அபராதத்தைக் கூட்டும் டபுள். மூன்று டிரிக் குறைந்து நமக்கு 500.

அடுத்த மேஜையில் இதே சீட்டுக்கு எதிர் அணியினர் 6 ஸ்பேட் போய் 1430 எடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் 930. அதை டீம் போட்டி மதிப்பெண்ணாக மாற்றினால் 14 இம்ப் போச்சு.

பார்ட்னர் கையில் இருந்தது: ஸ்பேட் ஜே 5, ஹார்ட் 7 2, டைமண்ட் கே 8 6 3 2, கிளப் ஏ 8 7 4. ஏ 4, கே 3, க்யூ 2, ஜே 1 என்று எண்ணினால் வெறும் எட்டுப் புள்ளிதான். ஆனால் எப்பேர்ப்பட்ட எட்டு!

ஜூன் 8

பலமான கை என்றால் முதலில் டபுள், அடுத்த சுற்றில் நம் சூட் (சீட்டு வகை). எல்லோரும் படித்ததுதான். 17 புள்ளிக்கு மேல் வைத்துக்கொண்டு வெறும் 1 ஸ்பேட் சொன்னால் மூன்று பேரும் பாஸ் சொல்லிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். நேரே 4 ஸ்பேட் சொன்னால், புள்ளி இல்லாமல் சும்மா இடத்தை அடைக்கிறான் என்று பார்ட்னர் நினைத்துக்கொள்வாரோ என்று இன்னொரு பயம்.

முதல் பயத்தை எடுத்துக்கொள்வோம். என்னிடம் ஹார்ட் ஒன்றே ஒன்று. மீதிப் பன்னிரண்டும் மற்ற மூவரிடம். அதில் பத்து எதிராளிகளிடம் இருந்திருக்கிறது. அப்படி ஒரு ஏலம் 1 ஸ்பேடில் செத்துப்போகுமா? அவர்கள் சூட்டில் நமக்குச் சீட்டு குறையக் குறைய அவர்கள் வாயை மூடமாட்டார்கள். இன்னொரு வாய்ப்பு தானாக வரும். ஆகவே இந்தக் கைக்கு 1 ஸ்பேட்கூட டபுளை விட மேல்.

இரண்டாவது பயம் இன்னும் மோசம். நாம் வல்னரபிள், அவர்கள் இல்லை. இந்த நிலையில் நான்காம் மட்டத்துக்கு வெறுங்கையோடு போகிறவன் பைத்தியக்காரன். இரண்டு டிரிக் குறைந்து டபுளும் விழுந்தால் 500, மூன்று என்றால் 800. அது பார்ட்னருக்கும் தெரியும். அதனால் அந்த 4 ஸ்பேடை அவர் நம்பலாம்.

இப்போது டபுளுக்குப் பின் அவர் இருந்த நிலையைப் பாருங்கள். டபுள் கொடுத்த சேதி: ஹார்ட் குறைவு, மற்ற மூன்றும் இருக்கலாம். நான்காம் மட்டம் வரை இடம் போனபிறகுதான் ஸ்பேட் என்ற பெயரே வெளியே வருகிறது. ஐந்தா, ஆறா, ஏழா? ஜே 5-ஐப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? ஏழு என்று முதலிலேயே தெரிந்தால் அதே ஜே 5 போதும், ஒன்பது துருப்பு. என் கையில் தோற்கும் சீட்டு நான்கு: ஹார்ட்டில் ஒன்று, டைமண்டில் இரண்டு, கிளப்பில் ஒன்று. கிளப்பை அவருடைய ஏஸ் மூடும், டைமண்டில் ஒன்றைக் கிங் மூடும். மிச்சம் டைமண்ட் க்யூ. அதை 1 ஹார்ட் சொன்னவரிடம் தேடினால் போதும். அவரிடம்தான் இருந்தது. பார்ட்னர் பக்கத்திலிருந்து சின்ன டைமண்டை ஆடி என் ஜேயைப் போட்டால் வேலை முடிந்தது. பன்னிரண்டு டிரிக்.

அடுத்த மேஜையில் நடந்ததும் இதுதானாம். 1 ஹார்ட், 4 ஸ்பேட், 5 ஹார்ட், 5 ஸ்பேட், 6 ஸ்பேட். அந்த 5 ஸ்பேடை என் பார்ட்னரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்.

ஜூன் 9

வலி. இன்று சீட்டு இல்லை.

ஜூன் 10

போனில் பேசினோம். "17-னா முதல்ல டபுள்னு நாமதானே பேசி வெச்சிருக்கோம், கார்டுல எழுதியே இருக்கே" என்கிறார். இருக்கிறது, அவர் கையெழுத்தில்தான். ஆனால் புள்ளியும் டிரிக்கும் ஒன்றா? ஐந்து ஸ்பேடும் மற்ற சூட்டுகளில் மூன்று, மூன்று, இரண்டுமாக 18 புள்ளி இருந்தால் நானும் டபுள்தான் சொல்வேன். ஏழு சீட்டு ஓடும் சூட் வேறு ஜாதி.

"இருந்தாலும் நல்லா ஆடுறார், வேகமாவும் ஆடுறார்" என்றார் கடைசியில்.

வேகமாகவாம்.

ஜூன் 11

மறுபடியும் அந்தக் கை. இந்த முறை ஐந்தாம் மட்டத்தை மட்டும்.

ழான்-ரெனே வெர்ன் 1969-ல் எழுதிய கணக்குப்படி, இரு பக்கத் துருப்பையும் கூட்டினால் கிட்டத்தட்ட இரு பக்கமும் எடுக்கக்கூடிய மொத்த டிரிக் வரும். இங்கே நமக்கு ஒன்பது ஸ்பேட், அவர்களுக்குப் பத்து ஹார்ட், 19. நிஜத்தில் நமக்கு 12, அவர்களுக்கு 8, மொத்தம் 20. ஒன்று கூடுதல், பரவாயில்லை. 19 என்றே வைத்தாலும், அவர்கள் எட்டோடு நின்றால் நமக்குப் பதினொன்று. 5 ஸ்பேட் அப்போதும் 650, டபுளுக்கு 500.

ஐந்தாம் மட்டம் எதிராளிக்கு என்று ஒரு பழமொழி உண்டு. பாதி சமயம் சரி. ஆனால் சூட் தன் காலிலேயே நிற்கும்போது அந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம்.

ஜூன் 12

இன்றுதான் சொல்கிறார்: அன்றைக்கே எதிராளிகள் டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிட்டிருக்கிறார்கள்! பார்ட்னர் யோசித்து பாஸ் சொன்னதைப் பார்த்துத்தான் நம்ம ஆள் டபுள் சொன்னார் என்று புகார். விதி 16 அது. பார்ட்னர் தயங்கினால் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தயக்கம் காட்டும் வழியில், நியாயமான வேறு வழி இருக்கும்போது, போகக் கூடாது. டைரக்டர் அந்தக் கையை அதே தரத்தில் ஆடும் சிலரிடம் காட்டிக் கேட்கப் போகிறார். முடிவு பிறகு.

புகார் ஜெயித்தால் என்ன ஆகும்? டபுள் இல்லாத 5 ஹார்ட், மூன்று குறைவு, 150. 1430-லிருந்து கழித்தால் 1280. 15 இம்ப்.

14-க்கு பதில் 15. இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறோம்.

ஜூன் 14

பலமான டைமண்ட் கையை 2 கிளப் (சூட்டைச் சொல்லாமல் பலத்தை மட்டும் காட்டும் ஏலம்) சொல்லி ஆரம்பிக்கிறவர்கள் அனுபவிக்கட்டும். பக்கத்து ஆள் 3 ஸ்பேட் என்று குறுக்கே விழுந்தால் டைமண்ட் என்ற சொல்லை முதல்முதலாக நான்காம் மட்டத்தில்தான் உச்சரிக்க முடியும். 1 டைமண்ட் போதும்.

ஜூன் 15

கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தது: வலது பக்கம் 1 ஹார்ட். என்னிடம் டைமண்ட் ஏ கே க்யூ ஜே 9 7 4, ஹார்ட் கே 6. இதற்கு 3 நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல் ஒன்பது டிரிக்), வேறு பேச்சே இல்லை. இடது பக்கத்துக்காரர் ஹார்ட் போட்டால் கிங் எட்டு, டைமண்ட் ஏழு, மிச்சத்தைப் பார்ட்னர் பார்த்துக்கொள்வார். இப்படிச் சொல்லிவிட்டால் அவரும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பார்.

மேலே "கிங் எட்டு" என்று எழுதியிருப்பது எட்டாவது டிரிக். மாத்திரை போட்ட பிறகு எழுதினால் இப்படித்தான்.

ஜூன் 17

தீர்ப்பு வந்தது. டபுள் நிற்கும். கேட்டவர்களில் யாருமே பாஸ் சொல்லவில்லையாம்.

அதில் எத்தனை பேர் 5 ஸ்பேட் சொன்னார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நான் கேட்கலையே" என்கிறார். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

ஜூன் 18

"இந்த வாரமும் அவரையே வெச்சுக்கலாமா? நீங்க அவசரப்படாதீங்க."

இன்னும் பதில் போடவில்லை.

ஜூன் 19

ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று அனுமதி. ஒரு மணி நேரத்துக்கு எட்டு போர்டு (ஆட்டம்). போட்டிக்கு 24. எட்டு ஆடிவிட்டு எழுந்து நடந்தால், அந்த நேரம் அவர் வந்து உட்கார்ந்தால்... சீ, வேண்டாம்.

ஜூன் 20

மதியம் ஒரு கை அனுப்பியிருக்கிறார். ஸ்பேட் 6, ஹார்ட் ஏ கே ஜே 10 9 7 4, டைமண்ட் ஏ கே, கிளப் க்யூ 8 3. மறுபடியும் 17, மறுபடியும் ஏழு! இடது பக்கம் 3 ஸ்பேட், பாஸ், பாஸ், இப்போது நான். 4 ஹார்ட்டா, டபுளா? யார் வல்னரபிள் என்று எழுத மறந்துவிட்டார். கேட்டிருக்கிறேன்.