மடியில் வைத்துப் பார்த்த பிறகு

எனக்கு எது சரி: கீபோர்டு மாட்டிக்கொள்ளும் டேப்லெட்டான மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோவா, மடக்கி டேப்லெட்டாக்கும் லேப்டாப்பான லெனோவோ யோகாவா? இன்று ஒரே மின்னஞ்சலை இரண்டிலும் மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன்.

சர்ஃபேஸ் ப்ரோ, கீபோர்டு இல்லாமல் 900 கிராமுக்குள்தான். ஒரு கையில் பிடித்துப் படிக்க, பேனாவால் குறிப்பெழுத அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கீபோர்டைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும், மாட்டி மடியில் வைத்தால் பின்னால் உள்ள ஸ்டாண்டின் விளிம்பு தொடையில் அழுந்துகிறது, காலை லேசாக நகர்த்தினாலே மொத்தமும் ஆடுகிறது.

யோகாவின் திரை 360 டிகிரி மடங்கும், கீபோர்டு பின்பக்கம் போய்விடும். அப்படி டேப்லெட்டாகப் பிடிக்கும்போது விரல்களில் விசைகள் தட்டுப்படுகின்றன. அவை வேலை செய்யாது என்று தெரிந்தும் ஓர் உறுத்தல். எடையும் ஒரு கிலோவைத் தாண்டும்.

சரி, நாள் முழுக்க நான் செய்வது தட்டச்சுதானே?

அதற்கு மடியில் ஆடாமல் நிற்கும் யோகாதான். டேப்லெட்டாகப் பிடிப்பது எப்போதாவது, அந்த எடையைத் தாங்கிக்கொள்ளலாம்.