ஐந்து பேருக்கு ஒரு குவளை பார்லி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மாநில வரலாறு படிக்கிறார்கள். 1607-இல் இங்கிலாந்துக்காரர்கள் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது அதில் பெரிய பாடம். இங்கே ஆசிரியையாக வேலை பார்க்கும் நான் அதை வகுப்பறையிலேயே நிகழ்த்திக் காட்டி நடத்துகிறேன்.

பல பள்ளிகளில் ‘காலனி நாள்’ என்றால் தொப்பி மாட்டிக்கொண்டு வெண்ணெய் கடைவார்கள், இறகுப் பேனாவால் பெயர் எழுதுவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் வந்த 104 பேரில் எட்டே மாதத்தில் 38 பேர்தான் மிஞ்சினார்கள். ஏன் என்று வெண்ணெய் கடைந்தால் தெரியாது.

அதனால் இடம் பார்ப்பதில் ஆரம்பிப்பேன். ஐந்தைந்து பேராக உட்காரவைத்து ஜேம்ஸ் ஆற்றின் வரைபடத்தைக் கொடுப்பேன். ஸ்பானியக் கப்பல்கள் சுலபமாக வந்து தாக்கக் கூடாது, நம் கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் ஜேம்ஸ்டவுனையே காட்டும். அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பதும் அவர்களுக்கு வசதியாகத் தெரியும். “அக்கம்பக்கத்தில் பஸ்பஹே என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்களே, இந்த இடத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?” என்று அப்போது கேட்பேன்.

பதிலை ஒரு தட்டில் வைத்திருப்பேன். லேசாக உப்புக் கரைத்த தண்ணீரை முன்கூட்டியே ஜன்னலோரம் வைத்து வற்றவிட்டால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். பிள்ளைகள் அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வந்துவிடும், அதைத்தான் குடியேறியவர்கள் குடித்தார்கள். போதாததற்குப் பஞ்சம் வேறு. 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி என்று பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களிலிருந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுக்கே மக்காச்சோளம் போதாத காலத்தில்தான் வெள்ளைக்காரர்கள் போய்ச் சோளம் கேட்டிருக்கிறார்கள். இது தெரிந்தால்தான் பின்னால் வந்த சண்டையும் புரியும்.

அப்புறம் பார்லி. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்குத் தண்ணீரில் வேகவைத்த பார்லி ஒரு சிறு குவளை என்று, அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதிவைத்திருக்கிறார். அதே அளவை ஒவ்வொரு மேசையிலும் வைத்துப் பங்கு போடச் சொல்வேன். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒருத்தி கரண்டியை வழித்து வழித்து ஊற்றுவாள், மற்ற நாலு பேரும் அவள் கையையே பார்ப்பார்கள். மரம் வெட்டியவனுக்குக் கூடக் கொடுக்கலாமா, காய்ச்சலில் படுத்தவனுக்குப் பாதி போதுமா என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

அடுத்த கப்பலில் என்ன அனுப்ப வேண்டும் என்று குடியேறியவர்களை அனுப்பிவைத்த லண்டன் கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொல்வேன். கிணறு வெட்ட ஆள், மீன்வலை, விதை என்று கேட்பார்கள். 1608 ஜனவரியில் வந்த கப்பலில் உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை அதன் பிறகே காட்டுவேன். பொற்கொல்லர், தங்கம் புடம்போடுகிறவர், நகை செய்கிறவர், அத்தர் தயாரிப்பவர்கூட ஒருவர். பிள்ளைகளுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும்!

ஆனால் எல்லாவற்றையும் நடிக்கவிட மாட்டேன். 1619 ஆகஸ்டில் அடிமைப்படுத்தப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வேஷத்தை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. கறுப்பினக் குழந்தை அதில் அவமானப்படும், மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும். தலையில் இறகு செருகிப் பவ்ஹாட்டன் ஆவதும் கிடையாது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பமுங்கி மக்கள் இன்றும் இதே மாநிலத்தில் வாழ்கிறார்கள். குடியேறியவர்கள் எடுத்த முடிவுகளைப் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். முடிவெடுக்கவே விடப்படாதவர்களின் வேதனையை ஒரு பீரியடில் நடித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அந்தப் பாடத்துக்கு ஆவணம்தான். 1625 கணக்கெடுப்பில், வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டுக் கணக்கில், ஆஞ்செலோ என்ற ஆப்பிரிக்கப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. பெயர், இனம், வந்த கப்பல், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்வேன். அவள் என்ன மொழி பேசினாள், அம்மா எங்கே, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அடுத்த வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்குவேன்.