ஊத்தினதைத் தேடு, உடம்பை அல்ல

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அடுத்த வீட்டுத் தங்கச்சி அடுத்த மாதம் குவைத்துக்குப் போகிறாள், வீட்டு வேலைக்கு. "அங்க வருத்தம் வந்தா என்னக்கா செய்யிறது, ஃபோன்ல பாத்தாக் காணுமா?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் அங்கே இருந்தவள் நான், அதனால் எனக்கு நடந்ததையே சொன்னேன்.

விருந்தாளிகள் போன பிறகு, இரவு பத்தரை இருக்கும், குளியலறை கழுவினேன். கறை போகவில்லை என்று டொய்லட் கழுவுகிற அசிட்டை ஊற்றி, அது ஊறிக்கொண்டிருக்கும்போதே மேலே பிளீச்சையும் ஊற்றிவிட்டேன். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மணக்குமே, அது நூறு மடங்காக வந்து முகத்தில் அடித்தது. கண் எரிச்சல், இருமல், நெஞ்சைக் கயிற்றால் இறுக்கினது மாதிரி. வெளியே ஓடி வந்து என் அறையில் இருந்துகொண்டேன். மேடத்தை எழுப்பப் பயம். அது என் பிழைதான்.

ஃபோன் வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும், நல்ல காலம் அன்றைக்கு வந்திருந்தது. கை நடுங்கினதால் தேடுகிற இடத்தில் மைக்கை அழுத்தி "நெஞ்சு இறுக்குது, மூச்சு முட்டுது" என்றேன். மாரடைப்பு என்றது, ஆஸ்துமா என்றது, தூதுவளை ரசம் வைக்கச் சொன்னது. ஒரு வீடியோக்காரர் ஆவி பிடிக்கச் சொன்னார். குசினிக்குப் போய்ச் சுடுதண்ணி வைக்க எனக்குத் தெம்பிருக்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

அப்புறம் மச்சாளுக்கு ஐமோவில் வொய்ஸ் அனுப்பினேன். அவள் ஊரில் நேர்ஸ். இங்கே நேரம் இரண்டரை மணித்தியாலம் கூட, அதாவது அவளுக்கு நடுச்சாமம் தாண்டி ஒரு மணி, ஆனால் நைட் டியூட்டி. எங்கே நோகுது என்று அவள் கேட்கவே இல்லை. "என்னத்தை ஊத்தினாய்? போத்தலைப் படம் எடு" என்றாள். போத்தலில் எல்லாம் அரபு. கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவைப் பிடித்தால் தமிழ் உடைந்து உடைந்து வந்தது, ஆனாலும் மற்றச் சுத்தப்படுத்திகளோடு கலக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக விளங்கியது.

"பிளீச்சும் அசிட்டும் கலந்தால்" என்று தேடினதும் முதல் பதிலே சரியாக இருந்தது: குளோரின் வாயு, காற்றுள்ள இடத்துக்குப் போ, கண்ணை ஓடுகிற தண்ணியில் கழுவு, மூச்சு கஷ்டமென்றால் ஆஸ்பத்திரி. இப்போது குறைந்தாலும் சில மணித்தியாலம் கழித்துக் கூடலாம், கூடினால் மேடத்தை எழுப்பு, 112க்கு அடி என்று மச்சாள் சொன்னாள். விடியும்வரை மணிக்கொரு தரம் "இருக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் இருமல் மட்டும்தான் மிச்சம்.

தங்கச்சிக்கு ஒரு அரபு வசனமும் சொல்லிக் கொடுத்தேன். "மா அக்தர் அத்நஃபஸ்", மூச்சு விட முடியவில்லை. பாஸ்போர்ட் ஃபோட்டோகொப்பியின் பின்பக்கத்தில் 112க்குக் கீழே தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். இன்னும் "அத்நபஸ்" என்றுதான் சொல்கிறாள், திருத்திக்கொண்டிருக்கிறேன்.