சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

மகன் கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். கம்ப்யூட்டர் பாகங்களின் பட்டியல்: பிராசசர், மதர்போர்டு, 16 ஜிபி ரேம். எதிரே பென்சிலில் விலை. அழித்து அழித்து எழுதியதில் தாளே நைந்திருந்தது.

ரெடிமேடாக ஒன்றை வாங்கிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். கலர் கலராக விளக்கு எரிய, கடையில் ஒன்றைக் காட்டவும் செய்தார்கள்.

"அண்ணே, இதுல பவர் சப்ளை எத்தனை வாட்ஸ்?"

கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஸ்டிக்கரே இல்லை.

எனக்குத் தோன்றாத கேள்வி அது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பவர் சப்ளை தாங்காவிட்டால், விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடுமாம்.

சரி, பாகம் பாகமாகவே வாங்குவோம் என்றேன். கார்டு தீபாவளிக்கு. அதுவரை பிராசசரிலேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும் என்று அவனே சொன்னான்.

நாளை ஞாயிறு. கூடத்தில் இப்போதே பழைய பேப்பர் விரித்தாயிற்று. ஸ்க்ரூ டிரைவர் அவனுக்கு, டார்ச் பிடிப்பது நான்.