ஒஜிப்வே மொழி: பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை ஒதுக்குவது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1989-இல் வந்த ‘ஆக்ட் 31’ சட்டப்படி, அங்குள்ள 11 பழங்குடி நாடுகளின் வரலாறு, பண்பாடு, இறையாண்மை பற்றித் தொடக்க வகுப்புகளில் இரண்டு முறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் பாடம் நடத்தியாக வேண்டும். அந்தப் பதினொன்றில் ஆறு, வட அமெரிக்கப் பேரேரிகள் பகுதிப் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களுடையவை. சட்டம் வந்துவிட்டது, ஆனால் முதல் நாள் இரவு இணையத்தில் தேடிக் கிடைத்த வண்ணப் படத்தாளை அச்சிட்டு மறுநாள் சுவரில் ஒட்டுவது இன்னும் நிற்கவில்லை.

அந்தத் தாளில்தான் முதல் கோளாறு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு ஒஜிப்வே சொல் இருக்கும். அந்த மொழியில் நிறம் வினைச்சொல். அதுவும் எந்தப் பொருளைச் சொல்கிறோமோ அதற்கேற்ப மாறும். ஆப்பிள் சிவப்பாக இருந்தால் ‘மிஸ்கொஸி மிஷீமின்’. காலணி சிவப்பாக இருந்தால் ‘மிஸ்க்வா மகிஸின்’. அந்த மொழியின் இலக்கணத்தில் பெயர்ச்சொற்கள் உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வகுப்பு: ஆப்பிள் உயிருள்ள வகுப்பு, காலணி உயிரற்றது. நம் உயர்திணை, அஃறிணையை இதன்மேல் பொருத்திப் பார்த்தால் காலை வாரிவிடும்: கல் அங்கே உயிருள்ள வகுப்பு, ராஸ்பெரி உயிருள்ளது, ஸ்ட்ராபெரி உயிரற்றது. காரணம் தேடாமல் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி. ஆகவே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேசையில் ஓர் ஆப்பிளையும் ஒரு காலணியையும் வையுங்கள். முழு வாக்கியமாகச் சொல்லவையுங்கள். ஒரு வாரத்துக்கு நான்கு பொருள் போதும்.

எதையும் அச்சிடுவதற்கு முன் வட்டாரம் பார்க்க வேண்டும். மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் ‘மகிஸின்’ என்பது, ஒண்டாரியோவின் மனிடூலின் தீவுப் பக்கம் ‘ம்கிஸின்’ ஆகிவிடும். அங்கே குறில் உயிர்கள் பல விழுந்துவிடுகின்றன. இரண்டும் சரிதான். ஆனால் ஒரு காணொளியை அங்கிருந்தும் ஒரு பயிற்சித்தாளை இங்கிருந்தும் எடுத்துக் கலந்தால் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் ஒட்டாது. உங்களுக்கு அருகிலுள்ள ஒஜிப்வே சமூகம் எப்படிப் பேசுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மினசோட்டா, விஸ்கான்சின் குடும்பங்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ‘ஒஜிப்வே பீப்பிள்ஸ் டிக்‌ஷனரி’. இணையத்தில் இலவசம், தாய்மொழியாகப் பேசும் பெரியவர்களின் குரலில் பல சொற்களைக் கேட்கலாம். பெயர்ச்சொல் எந்த வகுப்பு, பன்மை என்ன என்பதும் அதிலேயே உண்டு. வினைச்சொல் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தலைச்சொல் படர்க்கை வடிவில் இருக்கும். ‘வீஸினி’ என்றால் அவர் சாப்பிடுகிறார். பிள்ளையிடம் ‘சாப்பிடு’ என்று சொல்ல ‘வீஸினின்’, பலரிடம் ‘வீஸினிக்’. தலைச்சொல்லை அப்படியே எடுத்துக் கட்டளையாகப் பயன்படுத்துவது வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

எழுத்து விஷயத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி உண்டு. நெடிலுக்கு ரோமன் எழுத்தை இரட்டித்து எழுதும் ‘இரட்டை உயிரெழுத்து’ முறையில் அ-ஆ, இ-ஈ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு அப்படியே இருக்கிறது. ‘ஏ’ ஒலிக்கு மட்டும் குறில் இணை இல்லாததால் ஒற்றை எழுத்திலேயே எழுதுவார்கள். அதற்காகத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துப் படிக்கவைக்காதீர்கள். வன்மையான ஒலியும் மென்மையான ஒலியும் நம் ‘ப’, ‘த’, ‘க’ ஒவ்வொன்றுக்குள்ளும் கரைந்துபோகும். அங்கே அந்த வேறுபாட்டால் பொருளே மாறும்.

பண்பாட்டுப் பாடத்துக்குப் பருவத்தைப் பின்பற்றுவதே நல்லது. மாதங்களின் பெயரே பாடத்திட்டம் மாதிரிதான்: வசந்தத்தில் மேப்பிள் சாறு காய்ச்சும் நிலா, ஜூனில் ஸ்ட்ராபெரி நிலா, கோடை முடிவில் மனோமின், அதாவது ஏரியில் விளையும் காட்டரிசி, அறுவடை நிலா. ஊருக்கு ஊர் பெயரும் மாதமும் மாறும் என்பதால், சுவரில் மாட்டும் நாட்காட்டி எந்தச் சமூகத்துடையது என்று பாருங்கள்.

மேப்பிள் காய்ச்சுவதை வகுப்பில் செய்து காட்ட விரும்புகிறவர்களுக்கு: ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வற்றினால்தான் 1 லிட்டர் பாகு. மீதி 39 லிட்டரும் ஆவி. வகுப்பறைக்குள் வைத்தால் சுவரெல்லாம் ஈரம். வெளியே அடுப்பு மூட்டுங்கள். இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் இருக்கும் நாட்களில்தான் சாறு ஓடும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு பதம். பாத்திரத்தில் சாறு மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் அடிபிடித்துக் கருகும், மொத்தமும் வீண்.

ஆதிசோகான் எனப்படும் புனிதக் கதைகளைப் பனி தரையில் கிடக்கும் காலத்தில்தான் சொல்வது மரபு. மே மாதத்தில் வகுப்புக்கு அந்தக் கதைகளின் நாயகன் வேனபோஷோவின் கதையைக் கொண்டுவருவது நல்லெண்ணமாக இருக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு முகம் சுளிக்கும். கோடைக்கு அன்றாட நிகழ்வுகளைச் சொல்லும் கதைகளே போதும். மூத்தவர் ஒருவரை அழைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அசேமா, அதாவது புகையிலை, கொடுத்துக் கேட்பது வழக்கம். பள்ளி வளாகத்தில் புகையிலைக்குத் தடை இருக்கலாம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மதிப்பூதியத்தையும் பயணச் செலவையும் தனியாக ஒதுக்குங்கள். அசேமா அதற்கு ஈடு அல்ல.

காணொளிக்குப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் விஸ்கான்சினின் ‘தி வேஸ்’ தொடர் நல்லது. இன்றைய மனிதர்களை இன்றைய உடையில் காட்டுகிறது. விஸ்கான்சினின் ஒடானாவிலுள்ள கிரேட் லேக்ஸ் இந்தியன் ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் கமிஷன், அந்த மாநிலத்திலும் அண்டை மாநிலங்களிலும் உள்ள 11 ஒஜிப்வே சமூகங்களின் கூட்டமைப்பு. மீன், மனோமின், தாவரங்கள் பற்றி அவர்கள் வெளியிடுபவை அறிவியல் பாடத்துக்கும் உதவும்.

மனோமின் பாடத்துக்குக் கடையில் ‘வைல்ட் ரைஸ்’ வாங்கும்போது, பளபளவென்று கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் வயலில் பயிரிட்டது. ஏரியில் கையால் தட்டி எடுத்து விறகடுப்பில் வறுத்தது பழுப்பாக, நிறம் சீரில்லாமல் இருக்கும். கறுப்பைவிட வெகு சீக்கிரம் வெந்துவிடும். இரண்டையும் ஒரே பானையில் போட்டால் ஒன்று குழைந்து மற்றொன்று நறநறக்கும்.