மேடைக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று

மெட்டல் எனும் கனத்த ராக் இசைக் குழு ஒன்று ஒலிப்பதிவுக்குத் தேதி கேட்டால், நான் முதலில் கேட்பது டிரம் செட்டில் இருக்கும் வட்ட உலோகத் தகடான சிம்பலைப் பற்றித்தான். "என்னென்ன வைத்திருக்கிறீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள்" என்பேன். ஸ்னேர் (டிரம்மரின் நேர் முன்னால் இருக்கும் சிறு டிரம்) சரியாக அமையவில்லையா, பிற்பாடு வேறு ஸ்னேர் ஒலியை அதன்மேல் வைத்துச் சமாளித்துவிடலாம். காலால் உதைக்கும் கிக் டிரம்முக்கும் அப்படித்தான், இந்த வகை இசையில் அது அன்றாட வேலை. சிம்பலுக்கு அந்த வசதி கிடையாது. அடித்தது அடித்ததுதான். தலைக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கோடு நிற்காமல் ஸ்னேர் மைக், டாம் எனும் மற்ற டிரம்களின் மைக் எல்லாவற்றிலும் புகுந்துவிடும்.

எங்கள் ஸ்டூடியோ கோலாலம்பூர் செந்தூலில், ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் இருக்கிறது. இங்கே வரும் பையன்கள் பெரும்பாலும் மேடையில் வாசித்துப் பழகியவர்கள். அவர்கள் பையில் தடித்த சிம்பல்தான் இருக்கும். 'ஹெவி', 'ராக்' என்று மேலேயே அச்சடித்திருக்கும். மேடைக்கு அது நியாயமான தேர்வு. தடிமன் கூடினால் சத்தம் கூடும், சுருதி ஏறும், கார்வை நீளும். இரண்டு பக்கமும் கிட்டார் ஆம்ப் அலறும் சின்ன ஹாலில் இதெல்லாம் வேண்டும். ஒலிப்பதிவில் இந்த மூன்று குணமுமே தொல்லை.

டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிட்டார் கடித்துக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. பாடகரின் சொல் தெளிவதும் அங்கேதான். தடித்த கிராஷின் (ஓங்கி அடித்து அழுத்தம் கொடுக்கும் சிம்பல்) குத்தலும் அதே இடத்தில் வந்து உட்காரும். வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 200 தாளம் ஓடும் பாட்டில், இரண்டு காலாலும் கிக்கை அடிக்கும் டபுள் பெடலைத் தாளத்துக்கு நான்காக உதைத்தால் நொடிக்குப் பதின்மூன்று உதை. ஒரு கிராஷ் மூன்று நொடி உரக்க நின்றால் நாற்பது உதை அதற்குள் மூழ்கிப்போகும். மாதக்கணக்கில் கால் நோகப் பழகிய பையனின் உழைப்பு அது. எனக்கு மனசு ஆறாது.

அதனால் நான் சொல்வது, அளவில் பெரிது, தகட்டில் மெலிது. 18, 19 அங்குலத்தில் மெல்லியதோ நடுத்தர மெல்லியதோ இரண்டு கிராஷ். அடித்தவுடன் விரிந்து, சட்டென்று அடங்க வேண்டும். 16 அங்குலம் சுருதி உயர்ந்து, கனத்த கிட்டாருக்குப் பக்கத்தில் சோனியாகக் கேட்கும்.

"அண்ணே, மெல்லிசா இருந்தா சீக்கிரம் உடைஞ்சிடாதா?" இதைக் கேட்காத டிரம்மர் இல்லை. தம்பி, தடித்ததும் உடையும். நட்டை இறுக முடுக்கி, சிம்பல் ஆட வழியில்லாமல் செய்துவிட்டு, விளிம்பில் நேராக வெட்டுவதுபோல் அடித்தால் எதுவும் தாங்காது. ஸ்டாண்டில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் தேய்ந்து போயிருந்தால் நடு ஓட்டை கம்பியில் உரசி, சாவித்துளை மாதிரி நீண்டுவிடும். விரிசல் அங்கிருந்தும் கிளம்பும். சிம்பலைச் சற்றுச் சாய்த்து, நட்டைத் தளர்த்தி, குச்சியைப் பக்கவாட்டில் வழிய விட்டு அடித்தால் நாள்பட வரும்.

தாளத்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டு போகும் ரைடு சிம்பல் மட்டும் விதிவிலக்கு. அதன் நடுக்குமிழை அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியாக எழ வேண்டும். மெல்லிய ரைடு இரைச்சலாகக் கலங்கிவிடும். ஆகவே 20 அல்லது 22 அங்குலத்தில் கனமானதே இருக்கட்டும். காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்தான் என் பெரிய கவலை. பாதி திறந்து வைத்து அடிக்கிற அடி, பக்கத்திலுள்ள ஸ்னேர் மைக்கில் ஸ்னேருக்குச் சமமாக விழும். அப்புறம் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரெசர் போட்டால் அதுவும் சேர்ந்து எழும்பும். ஹை-ஹாட்டை ஓர் அங்குலம் உயர்த்தி, ஸ்னேரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். கை பழகிய உயரம் என்பதால் முனகுவார்கள். இரண்டு பாட்டுக்குள் சரியாகிவிடும்.

உலோகத்தைப் பற்றியும் பேச்சு வரும். 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் கலந்தது பி20. 1623 முதல் தொழில் நடத்தும் ஸில்ஜியன் சிம்பல் நிறுவனத்தின் உயர்ந்த வரிசைகள் இதில்தான். கோயில் மணி வார்க்கும் வெண்கலமும் ஏறக்குறைய இதே கலவை. 92க்கு 8 கலந்தது பி8. மலிவான சிம்பல்களில் அதுவே அதிகம் என்பதால் பி8 என்றாலே மட்டம் என்று சொல்லித் திரிகிறார்கள். பைஸ்டி நிறுவனத்தின் '2002' என்ற வரிசை பி8தான், அதை யாரும் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. கலவையைப் பார்த்து வாங்காதீர்கள், காதால் வாங்குங்கள்.

கடையில் தானே அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாமே பிரமாதமாக இருக்கும். நண்பரை அடிக்கச் சொல்லி நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டில் உங்கள் பாட்டின் கிட்டாரோடு சேர்த்துக் கேளுங்கள். பழையதை வாங்கினால் விளிம்பு முழுக்க நகத்தால் தடவிப் பாருங்கள். கடைசல் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பும், நகத்துக்குத் தட்டுப்படும்.

உருமி மேளக் குழுவில் வளர்ந்த ஒரு தம்பி அண்மையில் வந்தார். அசுர பலம். அந்தப் பலத்தை ஸ்னேரிலும் டாமிலும் இறக்கி, சிம்பலைப் பாதி வேகத்தில் தொடச் சொன்னேன். சிம்பலை மாற்றாமலே பாட்டின் ஒலிக்கலவையில் மற்ற ஒலிகளுக்கு இடம் கிடைத்தது. எந்தப் பிராண்டும் இந்தக் கைச்சமநிலையைத் தராது.

நல்ல கிராஷ் ஒன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே பாட்டுக்காகக் காசு சேர்க்கும் பிள்ளைகளிடம் வாங்கு வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு நாள் பதிவுக்கு இரவல் போதும். இப்போது மூன்று குழுக்கள் ஒரே 19 அங்குல கிராஷை முறைவைத்துக் கொண்டுவருகிறார்கள். அதற்குச் சொந்தக்காரர் யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.