டெல்லி டியா, டீக்கடை டியா?

2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதியானபோது, என் பயணத்தைத் தாமதப்படுத்தப் போவது விசாதான் என்று நினைத்திருந்தேன். அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்பதால் விண்ணப்பத்தை அவர்களே அளித்தார்கள். எனக்கு முப்பது வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன. ஆகவே, முப்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்த ஆண்டு விதித்திருந்த மாதம் 3,909 யூரோ என்ற குறைந்தபட்சச் சம்பள வரம்பே எனக்குப் பொருந்தியது. மார்ச் இறுதியில் ஒப்புதல் வந்துவிட்டது. என்னை அலைக்கழித்தது, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் 1994இல் நான் பிறந்தேன் என்பதைச் சொல்லும் ஒற்றைத் தாள்.

நான்கு மாதத்துக்கு மேல் அங்கே தங்கச் செல்பவர், போய்ச் சேர்ந்த ஐந்து நாளுக்குள் தாம் வசிக்கும் ஊரின் நகராட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பி.எஸ்.என். எனப்படும் குடிமக்கள் எண் அப்பதிவுக்குப் பிறகே கிடைக்கும். அது இல்லாமல் சம்பளம், மருத்துவக் காப்பீடு எதுவும் ஒழுங்காக நடக்காது. அந்தப் பதிவுக்காக, அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை, பெற்ற பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவருமாறு நிறுவனத்தார் முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். காவல்துறைச் சான்று கேட்கவில்லை. குற்றம் எதுவும் செய்யவில்லை என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்தால் நம்பிவிடுகிறார்கள். பிறந்தேன் என்பதற்குத்தான் இரண்டு அரசுகளின் முத்திரை தேவைப்படுகிறது.

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய சான்றிதழில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, அதில் என் பெயரே இல்லை. பிறப்பைப் பதிந்ததோடு விட்டுவிட்டு, பெயரைச் சேர்க்க யாரும் திரும்பிப் போகவில்லை. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய பதிவுகளில் பெயர் சேர்க்க 31.12.2024 வரை தமிழ்நாடு அரசு கால நீட்டிப்பு வழங்கியிருந்ததால், பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டி அதை ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டேன்.

இரண்டாவது சிக்கல் அப்பாவின் பெயர். அவர் பெயர் தனசேகரன். பாஸ்போர்ட்டிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் என் தலைப்பெழுத்து ஆங்கில எழுத்து வரிசையின் நான்காம் எழுத்து. பிறப்புப் பதிவேட்டிலோ அவர் பெயர் இருபதாம் எழுத்தில் தொடங்கியது. தமிழில் 'த' ஒன்றுதான் என்றாலும், ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுதுகிறவரின் கைவாக்கைப் பொறுத்து அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் நாம் 'டி' என்றே சொல்கிறோம். நான் நீண்ட நேரம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்ட பிறப்புப் பதிவு அலுவலக அம்மையார், கடைசியில், "டெல்லி டியா, டீக்கடை டியா, தம்பி? அதை மட்டும் சொல்லு" என்றார். அதைவிடத் தெளிவாக அந்தச் சிக்கலை யாரும் சொல்லிவிட முடியாது.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பதிவேட்டில் முதலில் எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்கு, உண்மையை அறிந்த, நம்பத்தகுந்த இருவர் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. எங்கள் தெரு மளிகைக்கடை மாமாவும், ரயில்வேயில் ஓய்வு பெற்ற எதிர்வீட்டுத் தாத்தாவும் வந்தார்கள். பாரிமுனையில் நோட்டரியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் பிறந்த இரவில் பெய்த மழையைப் பற்றித் தாத்தா சொல்லத் தொடங்கிவிட்டார். முத்திரைத்தாளில் மழைக்கு இடமில்லை என்று மாமா அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அத்துடன் அப்பாவின் ஆதார், ஓய்வூதியப் புத்தகம், என் பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றையும் இணைத்தேன். ஒருமுறை அதிகாரி விடுப்பில் இருந்தார். இன்னொருமுறை நகலில் அப்பாவின் கையெழுத்தை வாங்க மறந்திருந்தேன். இப்படியே மே மாதம் போயிற்று.

அப்போஸ்டிலுக்கு, முதலில் மாநில அரசின் சான்றொப்பம் பெற வேண்டும். பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை இடும். அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். பொதுமக்களிடம் நேரடியாக வாங்காமல், அமைச்சகம் நியமித்த முகவர்கள் வழியாகவே வாங்குகிறார்கள் என்பதால் சேவைக் கட்டணம் சிறிது கூடும். இதே வேலைக்கு மண்ணடியில் ஒரு தரகர் என்னிடம் 6,500 ரூபாய் கேட்டார். தனசேகரனைத் திருத்தாமலேயே முடித்துத் தருகிறேன் என்று வேறு சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

ஒப்புதல் கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசாவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றபின் அதற்கு ஆயுள் 90 நாள். இந்த இரண்டு கெடுவையும் கணக்கிட்டே ஜூன் முழுவதும் தூங்கினேன். இதே டச்சுக்காரர்கள் 1613இல் எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டியபோது அவர்களிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ரோட்டர்டாம் போய்ச் சேர்ந்தேன். இந்தியர்களுக்கு விதித்துள்ள காசநோய்ப் பரிசோதனை ஒரு மார்பு எக்ஸ்ரேயோடு முடிந்தது. நகராட்சி அலுவலர் சான்றிதழைத் திருப்பி அப்போஸ்டில் எண்ணைப் பார்த்தார், அப்பாவின் பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார், தலையசைத்தார். நான்கு மாத வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருப்பதால், இங்கே வங்கி முதல் வரித்துறை வரை எல்லாரும் என்னைத் திரு. தனசேகரன் என்றே அழைக்கிறார்கள். முதல் கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "நைனா, உனக்குத்தான் லெட்டர் வந்திருக்கு" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தவர் கேட்டார்: "டெல்லி டிதானே போட்டிருக்காங்க?"